விடுப்புப் பதிவேட்டில் காரணம் எழுதியே ஆக வேண்டுமா? வீட்டு விஷயமும் வேலையிடமும்

திருப்பூர்க் கணக்குப்பிரிவு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஏற்றுமதி செய்யும் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப்பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கடந்த மாதம் குடும்ப நீதிமன்றத்தில் எனக்கு ஒரு வாய்தா இருந்தது. எங்கள் டைம் ஆபீசில் உள்ள விடுப்புப் பதிவேட்டில் பெயர், நாள், காரணம் என்று மூன்று கட்டங்கள் உண்டு. பொய் எழுத மனம் வராததால் காரணக் கட்டத்தில் "கோர்ட் வேலை" என்று எழுதினேன். அந்தப் பதிவேடு நாள் முழுவதும் மேசைமீது திறந்தபடியே கிடக்கும் என்பதை அப்போது நான் நினைக்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குள் செய்தி செக்கிங் பிரிவு வரை போய்விட்டது. மாலையில் பேக்கிங் மேற்பார்வையாளர், என் அப்பாவின் வயதுடையவர், அருகில் வந்து "ஏனம்மணி, கொஞ்சம் அனுசரிச்சுப் போகலாமல்லோ?" என்று கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதனாலேயே அவரிடம் கோபப்படவும் முடியவில்லை, பதில் சொல்லவும் முடியவில்லை. அதைவிடப் பெரிய காயம் அடுத்த வாரம் வந்தது. ஒவ்வோர் ஏற்றுமதிக்கும் வங்கிக்கான ஆவணங்களை நான்தான் தயாரிப்பேன். "உங்களுக்கு இப்போ மனசு சரியா இருக்காதுங்க" என்று சொல்லி அந்த வேலையை இன்னொருவரிடம் மாற்றிவிட்டார்கள். ஒன்பது ஆண்டுகளில் என் ஆவணம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

வீட்டு விஷயத்தை வேலையிடத்தில் எந்த அளவுக்குச் சொல்லலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று உங்கள் அனுபவத்திலிருந்து சொல்லுங்கள். "காய்ச்சல்" என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் இவ்வளவு நடந்திருக்காது என்று தோழி ஒருத்தி சொல்கிறாள். அப்படிப் பொய் சொல்லித்தான் தப்பிக்க வேண்டுமா?

கணபதி லேத் பட்டறை

அம்மணி, படித்ததும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு அறுபத்தொரு வயது. கோவை கணபதியில் அப்பாரு (தாத்தா) வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் ஒற்றை லேத்தை வைத்துத் தொடங்கிய பட்டறையை இன்று பதினான்கு பேரோடு நடத்துகிறேன். மோட்டார், பம்பு உதிரிபாகம் செய்யும் பட்டறைகள் பலவும் இந்த ஊரில் அப்படி வீட்டை ஒட்டித்தான் முளைத்தன. வேலைக்கு வந்தவர்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சாப்பிட்டார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அம்மா முதல் நாளே போய்ச் சமையலை மேற்பார்த்தார். ஒருவருடைய மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய கடைசி நாளில் அவர் முகத்தைப் பார்த்தே விஷயத்தைக் கண்டுபிடித்து நான் பணம் கொடுத்திருக்கிறேன். வீட்டு விஷயம் தெரியாமல் இருந்திருந்தால் அந்த உதவியை எப்படிச் செய்திருக்க முடியும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்பு எங்களிடம் இருந்த ஒரு பையனுக்கு வலிப்பு நோய் இருந்தது. தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்து யாரிடமும் சொல்லாமல் மாத்திரை சாப்பிட்டு வந்திருக்கிறான். ஒரு நாள் லேத் ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்தான். நல்ல வேளையாகப் பின்பக்கம் சரிந்தான். முன்பக்கம் சாய்ந்திருந்தால் இரும்பைப் பிடித்துச் சுழன்றுகொண்டிருந்த சக்கில் கையோ தலையோ சிக்கியிருக்கும். அந்த நாளை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு நடுங்குகிறது. எல்லாவற்றையும் மூடி வைப்பது நல்லது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

முன்னாள் நூற்பாலைத் தொழிலாளி, அவிநாசி

ஐயா, உங்கள் பட்டறையில் நல்ல மனிதர்கள் இருந்தார்கள் என்பதை நான் முழுமையாக நம்புகிறேன். நான் பார்த்த பக்கத்தையும் சொல்கிறேன். பதினேழு வயதில் தென் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஏஜென்ட் மூலமாக இந்தப் பகுதியில் ஒரு நூற்பாலைக்கு வந்தேன். மூன்று ஆண்டுகள் முடித்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை தருவோம் என்ற ஒப்பந்தம். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் அதை எல்லோரும் அறிவார்கள். தங்குவதும் தூங்குவதும் ஆலை வளாகத்துக்குள் இருந்த விடுதியிலேயே. வேலை நேரம் முடிந்தாலும் வேலையிடம் முடியாது.

வீட்டோடு பேச வாரத்துக்கு ஒரு முறை விடுதித் தொலைபேசி கிடைக்கும். வார்டன் அருகிலேயே நிற்பார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று அம்மா சொன்னபோது ஓவென்று அழக்கூட எனக்கு இடமில்லை. அழுதால் ஊருக்குப் போகத் திட்டமிடுகிறாள் என்று கணக்கெடுப்பார்கள். வந்த கடிதம் பிரிக்கப்பட்டுத்தான் கைக்கு வரும். "உங்க அப்பா அம்மா மாதிரி பாத்துக்கிறோம்" என்பது அங்கே அன்றாடம் சொல்லப்பட்ட வாக்கியம். அப்பா அம்மா என்ற பெயரை வைத்துக்கொண்டதால்தான் பெட்டியைத் திறந்து பார்க்கும் உரிமையும் தங்களுக்கு உண்டு என்று அவர்கள் நினைத்தார்கள். பெண்கள் விடுதிகளுக்கு உரிமம் கட்டாயம் என்று 2014இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. நான் அதற்கு முன்பே வெளியே வந்துவிட்டேன்.

இப்போது பவர் டேபிள் எனப்படும் ஒரு சிறு தையல் கூடத்தில் ஓவர்லாக் டெய்லராக இருக்கிறேன். சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிக்கொண்டு என் வாடகை வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தும்போது எனக்குள் வரும் நிம்மதியை, தொடக்கத்திலிருந்தே சொந்தக் கதவு இருந்தவர்களுக்குச் சொல்லிப் புரிய வைப்பது கடினம். தோழி, நீங்கள் பொய் சொல்லவும் வேண்டாம், உண்மையை எழுதவும் வேண்டாம். "சொந்த வேலை" என்ற இரண்டு சொல் போதும். அதற்கு மேல் கேட்பவர், தமக்கு அது எதற்குத் தேவை என்பதை முதலில் சொல்லட்டும்.

பள்ளிபாளையம் தறி

பட்டறை ஐயா சொன்ன கல்லூரிக் கட்டணக் கதையில் எனக்கு ஒரு நெருடல் இருக்கிறது. அவரைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. எங்கள் விசைத்தறிக் கொட்டகைகளில் முன்பணம் வாங்கித்தான் பெரும்பாலானவர்கள் வேலைக்குச் சேருகிறார்கள். அந்தக் கடன் தீரும்வரை தறியை விட்டுப் போக முடியாது. போக வேண்டுமானால் அடுத்த தறிக்காரர் பழைய கடனைக் கட்டி அழைத்துக்கொள்ள வேண்டும். மேற்கொண்டு ஒரு தொகை வேண்டுமென்றால் முதலாளி முன்னால் நின்று வீட்டுக் கதை முழுவதையும் சொல்லியாக வேண்டும். மனைவிக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை, மகளுக்குத் தெரட்டிச் சீர் (பூப்பு நன்னீராட்டு), தம்பியின் குடிப்பழக்கம் என்று ஒவ்வொன்றையும் பாவு ஓட்டுபவர், கோன் போடும் பெண் எல்லோருக்கும் எதிரில்தான் சொல்ல வேண்டும். எந்தக் கதைக்கு இரக்கம் வருகிறதோ அந்தக் கதைக்குத்தான் பணம் வரும்.

என் அம்மா அப்படி நின்றதை எட்டு வயதில் பார்த்திருக்கிறேன். முதலாளி கொடுத்துவிட்டார். ஆனால் அன்று அம்மா சொன்னதெல்லாம் பிறகு நான்கு ஆண்டுகள் அந்தக் கொட்டகையில் பேச்சாகவே இருந்தது. ஆகவே உதவி செய்வதா வேண்டாமா என்பதில் எனக்குக் கேள்வி இல்லை. சம்பளத்தில் பிடிக்கும் கடனாகவே ஒரு தொகையை விதிப்படி கொடுக்கலாம். இத்தனை மாதச் சம்பளம் வரை காரணம் கேட்கப்பட மாட்டாது என்று வைக்கலாம். அப்படிச் செய்தால் உதவியும் கிடைக்கும், வாயும் மூடியிருக்கும்.

ஈரோட்டு வழக்கறிஞர்

சட்டத்தின் நிலையை இயன்ற அளவு தெளிவாகச் சொல்கிறேன். அந்தரங்க உரிமை அரசியலமைப்பின் 21ஆவது பிரிவிலேயே அடங்கிய அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஆனால் அடிப்படை உரிமைகள் முதன்மையாக அரசை நோக்கியே செயல்படுகின்றன. தனியார் கம்பெனியின் பதிவேட்டுக்கு எதிராக அந்தத் தீர்ப்பை நேரடியாக நீட்டுவது எளிதன்று. 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், பெயரே சொல்வதுபோல, டிஜிட்டல் வடிவில் உள்ள தரவுக்கும் பின்னர் அவ்வடிவுக்கு மாற்றப்படும் தரவுக்கும்தான் பொருந்தும். மேசைமேல் கிடக்கும் நோட்டுப் புத்தகம் அதன் கைக்கு எட்டாது. வேலை தொடர்பான நோக்கங்களுக்கு ஊழியரின் ஒப்புதல் இல்லாமலே தரவைப் பயன்படுத்தவும் அது ஓரளவுக்கு முதலாளிக்கு இடம் கொடுக்கிறது.

ஆனாலும் குறிப்பிட்ட சில விஷயங்களில் சட்டம் மிகக் கறாராக நிற்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013இன் 16ஆவது பிரிவு, புகார் கொடுத்தவர், புகாருக்கு உள்ளானவர், சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தையும் விசாரணை விவரத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது. எச்.ஐ.வி. பரிசோதனையை வேலைக்கு முன்நிபந்தனையாக வைக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இதற்கெல்லாம் முன்னோடியாக 1991இல் ஒரு தீர்ப்பு உண்டு. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் வேலைக்குச் சேர்ந்த நீரா மாத்தூர் என்ற பெண், வேலையில் சேரும்போது தந்த உறுதிமொழிப் படிவத்தில் உண்மையை மறைத்தார் என்று நீக்கப்பட்டார். அந்தப் படிவத்தில் மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, எத்தனை முறை கருவுற்றிருக்கிறீர்கள் என்றெல்லாம் கட்டங்கள் இருந்தன. இத்தகைய கேள்விகள் பெண்ணின் நாணத்தையும் சுயமரியாதையையும் புண்படுத்துபவை என்று கூறிய உச்ச நீதிமன்றம், அந்தக் கட்டங்களையே நீக்கச் சொல்லி, அவரை மீண்டும் வேலையில் சேர்க்கவும் உத்தரவிட்டது. படிவத்தில் ஒரு கட்டம் அச்சாகியிருப்பதாலேயே அதை நிரப்பும் கடமை நமக்கு வந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

சகோதரியின் விஷயத்துக்கு நேரடியாகப் பொருந்தும் இன்னொன்று: இந்துத் திருமணச் சட்டம், 1955இன் 22ஆவது பிரிவின்படி அச்சட்டத்தின் கீழ் வரும் விசாரணைகளை மூடிய அறையில்தான் நடத்த வேண்டும், அவற்றின் விவரத்தை அச்சிட்டு வெளியிடுவதும் தவறு. நீதிமன்றமே கதவைச் சாத்திக்கொண்டு கேட்கும் விஷயத்தை டைம் ஆபீஸ் மேசையில் திறந்து வைக்க வேண்டிய அவசியம் எதுவும் கிடையாது. விடுப்புக்கும் அப்படியே. ஈட்டிய விடுப்பு என்பது 20 நாள் உழைப்புக்கு ஒரு நாள் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வைத்த கணக்கிலிருந்து வந்தது. உழைத்துச் சேர்த்த நாளை எடுக்கிறோம். காரணத்தைச் சொல்லி இரந்து வாங்கவில்லை. ஆவண வேலையை மாற்றியதற்கு மட்டும் எழுத்தில் காரணம் கேளுங்கள்.

நாமக்கல்லிலிருந்து ஒருவர்

எல்லோரும் விடுப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். நம் பகுதியில் வீட்டு விஷயம் வேலையிடத்துக்குள் நுழைவது அதற்கு வெகு முன்பே, சேர்ந்த முதல் நாளிலேயே நடக்கிறது. "எந்த ஊருங்க?" என்பார்கள். ஊரைச் சொன்னால் "ஊருக்குள்ளயா, தோட்டத்துலயா?" என்பார்கள். அதுவும் போதாவிட்டால் "குலதெய்வம் எதுங்க?" என்பார்கள். இந்த மூன்று கேள்வியில் ஒருவர் எந்தச் சாதி, அதற்குள் எந்தக் கூட்டம் (குலப்பிரிவு) என்பது வரை நம்மவர்களுக்குத் தெரிந்துவிடும். கேட்பவர்களில் பலருக்கு இது பங்காளியா, மாமன் மச்சான் முறையா என்று உறவு பார்க்கும் பழக்கம் மட்டுமே என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரே கூட்டத்தில் பெண் எடுப்பதில்லை என்பதால் தலைமுறை தலைமுறையாக வந்த விசாரிப்பு அது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன பிறகு என் டம்ளர் தனியானதை நான் ஒரு கோழித் தீவன ஆலையில் பார்த்திருக்கிறேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து எனக்கு மட்டும் காகித டம்ளரில் தேநீர் வந்தது.

அதன் பிறகு மூன்று இடங்களில் வேலை பார்த்துவிட்டேன். ஊர் எது என்று கேட்டால் மாவட்டத்தின் பெயரை மட்டும் சொல்வேன். குலதெய்வத்தைக் கேட்டால் "அது வீட்டோடங்க" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவேன். என் சமூகம் எது என்பதை இங்கேயும் எழுதப் போவதில்லை. சிலருக்கு அந்தரங்கம் என்பது வசதிக்கான திரை. எங்களைப் போன்றவர்களுக்கு அது சோறு. பட்டறை ஐயா, திண்ணையில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் திண்ணையில் எல்லோரும் உட்கார்ந்தார்களா என்று உங்கள் அம்மாவிடம் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். மரியாதையோடுதான் கேட்கிறேன்.

சரவணம்பட்டி

மென்பொருள் நிறுவனத்தில் சாதியை யாரும் நேரில் கேட்பதில்லை. ஆனால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்து எல்லாவற்றையும் தெரிந்துகொள்கிறார்கள். உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுத்த நாளின் மாலையில் மருதமலைக்குப் போன படத்தை என் மனைவி ஸ்டேட்டஸில் வைத்தாள். திங்கட்கிழமை அதுவே என் மதிப்பீட்டுக் கூட்டத்தில் பேசப்பட்டது. இப்போது அலுவலகத்துக்கென்று தனி எண் வைத்திருக்கிறேன். இரவு எட்டு மணிக்கு அதை அணைத்துவிடுகிறேன். வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பிரான்சில் 2017 முதல் சட்டமாக இருக்கிறது. நம் மக்களவையில் 2018 இறுதியில் தனிநபர் மசோதாவாக வந்தது, சட்டமாகவில்லை. ஆகவே இப்போதைக்கு அந்த அணைக்கும் பொத்தான்தான் எனக்குச் சட்டம்.

கணபதி லேத் பட்டறை

நாமக்கல் தம்பிக்கு: கேட்டேன். அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ரெண்டு பேரு மட்டும் வேப்பமரத்தடியில உக்காருவாங்க, அவிகளாவே போய் உக்காந்துக்குவாங்க" என்றார். அவர்களாகவே போகவில்லை என்பது எனக்கும் தெரியும், இப்போது அவருக்கும் தெரியும். அந்த இருவரின் முகமும் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அவர்கள் அங்கே உட்கார்ந்தது இந்த இழையில் நீங்கள் கேட்கும்வரை என் நினைவுக்கு வரவே இல்லை. மன்னிப்புக் கேட்க அவர்களில் ஒருவர் இன்று இல்லை. மற்றவரைத் தேடிப் போகிறேன்.

பள்ளிபாளையத்தார் சொன்ன யோசனையை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு மாதச் சம்பளம் வரை காரணம் கேட்காமல் கடன் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். வலிப்பு விஷயத்தில் மட்டும் என் கருத்து மாறவில்லை. ஆனால் என் தவறு அங்கேயும் இருக்கிறது. சொன்னால் வேலை போகும் என்ற பயத்தை உண்டாக்கியது நான். லேத்தில் நிற்க முடியாதவருக்கு அளவு பார்க்கும் மேசையில் அதே சம்பளத்தில் வேலை உண்டு என்பதை முன்பே சொல்லி வைத்திருந்தால் அவன் சொல்லியிருப்பான். ஓடும் இயந்திரத்துக்கு முன்னால் உயிருக்கு ஆபத்தான உடல்நிலை எனக்குத் தெரிய வேண்டும். அதுவும் எனக்கும் ஃபோர்மேனுக்கும் மட்டும். மற்றது எதுவும் எனக்குத் தேவையில்லை, அவர்களாகச் சொல்ல வந்தால் தவிர.

முன்னாள் நூற்பாலைத் தொழிலாளி, அவிநாசி

"அவர்களாகச் சொல்ல வந்தால்" என்ற அந்தச் சொல்லுக்கு நன்றி, ஐயா. வேலையிடத்தில் யாரிடமும் எதையும் சொல்லக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. ஆலை விடுதியில் என்னைக் காப்பாற்றியதே பக்கத்துப் பாயில் படுத்திருந்த ஓர் அக்காவிடம் இரவில் மெதுவாகச் சொன்ன பேச்சுத்தான். அவளுக்கு என்மேல் எந்த அதிகாரமும் இல்லை. சம்பளம் கொடுப்பவர், விடுப்புக்குக் கையெழுத்துப் போடுபவர் ஆகியோரிடம் சொல்வதும் அவளிடம் சொல்வதும் வேறு வேறு. தோழி, உங்களுக்கும் அப்படி ஒருத்தி அங்கே இருந்தால் அவளை விட்டுவிடாதீர்கள்.

திருப்பூர்க் கணக்குப்பிரிவு

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன். மேலாளரைத் தனியாகச் சந்தித்து, ஆவண வேலையை மாற்றியதற்கு என் வேலையில் ஏதாவது பிழை காரணமா என்று கேட்டுக் கடிதம் கொடுத்தேன். பிழை எதுவும் இல்லை என்று வாய்மொழியாகச் சொன்னார். எழுத்தில் தர இரண்டு நாள் கேட்டார். மூன்றாம் நாள் கடிதம் வரவில்லை, ஆனால் ஆவணக் கோப்புகள் என் மேசைக்குத் திரும்பி வந்தன. பதிவேட்டை மூடி மேசை இழுப்பறைக்குள் வைக்கவும் ஒப்புக்கொண்டார். காரணக் கட்டத்தை எடுக்க மட்டும் மறுத்துவிட்டார். "சொந்த வேலை" என்று எழுதினால் கேள்வி கேட்கப்படாது என்றார்.

நேற்று அப்படியே எழுதினேன். டைம் ஆபீஸ் அண்ணன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார், கேட்க வாயெடுத்தார், பிறகு முத்திரையைக் குத்திவிட்டார். பேக்கிங் பெரியவரிடம் "உங்க அக்கறைக்கு நன்றிங்க ஐயா, ஆனா அதைப் பத்தி இங்க பேச வேண்டாம்னு இருக்கேன்" என்று சொன்னேன். அவர் முகம் வாடியது. இரண்டு நாள் பேசவில்லை. இன்று காலை வழக்கம்போல் "சாப்பிட்டியா அம்மணி?" என்று கேட்டார். "ஆச்சுங்க ஐயா" என்றேன்.

வழக்கறிஞர் ஐயாவிடம் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அடுத்த வாய்தா பதினெட்டாம் தேதி. போய் வந்ததற்கு ஆதாரம் கேட்டால் என்ன கொடுப்பது?

ஈரோட்டு வழக்கறிஞர்

முதலில், கேட்டால் மட்டும் கொடுங்கள். நீங்களாக நீட்ட வேண்டாம். ஈட்டிய விடுப்புக்கு ஆதாரம் கேட்கும் விதி உங்கள் கம்பெனியில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அன்று நீதிமன்றத்தில் நேர்நின்றார் என்று மட்டும் உங்கள் வழக்கறிஞரிடம் ஒரு வரிக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கின் தன்மையோ எதிர்தரப்பின் பெயரோ அதில் வேண்டாம். அதை மேலாளரிடம் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். நகல் எடுக்க வேண்டும் என்றால், எந்தக் கோப்பில் வைப்பார்கள், யார் அதைத் திறப்பார்கள் என்று கேட்ட பிறகு கொடுங்கள்.